ஜூன் முப்பதுக்குள்

வாகா வாகாவில் மூன்றாவது நாளாகப் பனிமூட்டம்.
மருத்துவமனையின் இரண்டாம் மாடியில்
நாற்பத்தியொரு மருத்துவர்கள்
என் மேசையில் அடுக்கடுக்காய்க் கிடக்கிறார்கள்.

ஆளுக்குப் பதினெட்டுப் பக்கம்.
தொடர்கல்வி மணிநேரம், சக மருத்துவர் கருத்து,
நோயாளிகளின் புகார், பாராட்டு,
கை கழுவும் பயிற்சி முடித்த தேதி.
இருபது வருடமாக வயிற்றைத் திறந்து மூடுகிறவர்களிடம்
கை கழுவினீர்களா என்று
நான்காம் முறையாக மின்னஞ்சல் அனுப்புகிறேன்.
பதில் இல்லை.
என்னைத்தான் கைகழுவிவிட்டார்கள் போலிருக்கிறது.

மயக்க மருந்து நிபுணர் ஞானப்பிரகாசத்தின் பெயர்
கட்டத்துக்குள் அடங்கவில்லை.
மென்பொருள் பாதியில் வெட்டுகிறது:
ஞானம் நிற்கிறது, பிரகாசம் விழுந்துவிடுகிறது.
தொலைபேசியில் சொன்னேன்.
"பரவாயில்லை" என்று சிரித்தார்,
"விளக்கை அணைப்பதுதானே என் உத்தியோகம்."

'இந்த ஆண்டு எதை வேறுவிதமாகச் செய்திருப்பீர்கள்?'
இதற்கு எதிரே டாக்டர் ஹால்டேன்
ஒரே சொல் எழுதியிருந்தார்: தூக்கம்.
ஐம்பது சொல்லாவது வேண்டும் என்கிறது படிவம்.
திருப்பி அனுப்பினேன்.
தூக்கம் தூக்கம் தூக்கம் என்று
பக்கம் நிறைய எழுதி மறுநாளே வந்தது.
எண்ணிப் பார்த்தேன். நாற்பத்தொன்பது.
ஏற்றுக்கொண்டேன்.

நாற்பதை மூடிவிட்டேன்.
மூடாமல் கிடப்பது பிரென்னனுடையது.

குழந்தைகள் பிரிவு. சென்ற ஆகஸ்ட் பதினொன்று.
விசாரணை அறிக்கை இரண்டு பக்கம்தான்:
நடைமுறை மீறல் இல்லை.
தாமதம் இல்லை.
நான் செய்ய வேண்டியது
இரண்டு கட்டத்தில் 'இல்லை' என்று குறிப்பது.
'உங்கள் சிந்தனைகள்' பகுதியில் அவர் எழுதியிருப்பது:
சேர்க்க ஒன்றுமில்லை.

அன்று மாலை ஆறரைக்கு, நன்றாக இருட்டியபின்,
என் வண்டிக்குப் பக்கத்து வண்டியில்
முன்விளக்கு எரிந்துகொண்டிருந்தது.
எஞ்சின் ஓடவில்லை.
இரண்டு கையும் ஸ்டீயரிங்கில் வைத்து
எதிர்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.
கண்ணாடியைத் தட்டலாமா என்று நின்றேன்.
எனக்கு அவசரம் ஏதும் இல்லை.
குளிரைச் சொல்லலாம், ஆனால் கோட்டு போட்டிருந்தேன்.
தட்டவில்லை.
போகிற வழியில் பால் வாங்கினேன்,
பாத்திரம் கழுவும் சோப்பும்.

இதை எழுத எந்தப் பக்கத்திலும் இடமில்லை.
'சக ஊழியர் அவதானித்தது' என்று ஒரு பகுதி இருக்கிறது,
அதை மருத்துவர்கள் மட்டுமே நிரப்பலாம்.
பிரென்னன் கோப்பு ஏன் தாமதம் என்று மெரெடித் கேட்டாள்.
கையெழுத்து வரவில்லை என்றேன்.
அது உண்மையும்கூட.

இன்று காலை அவரே மாடியேறி வந்தார்.
அவர் பேனா எழுதவில்லை. என்னுடையதைக் கொடுத்தேன்.
பதினெட்டாம் பக்கத்தில் கோணலாக ஒரு கையெழுத்து.
பேனாவைத் திருப்பித் தரும்போது,
"சாம்பல் நிற கொரோலா உங்களுடையதுதானே?" என்றார்.
ஆமாம் என்றேன்.
"அன்றைக்குக் கொஞ்ச நேரம் நின்றீர்கள்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.
அதற்குள் இடுப்பில் பேஜர் அலற,
படிக்கட்டில் இரண்டிரண்டாக இறங்கிப் போய்விட்டார்.

பிறகுதான் கவனித்தேன்,
கையெழுத்துக்குக் கீழே தேதி போடவில்லை.
நான் போடக்கூடாது. விதி.
அவரை இன்னொரு முறை கூப்பிட வேண்டும்.

இன்னும் நான்கு நாள் இருக்கிறது.
சன்னலுக்கு வெளியே கார் நிறுத்துமிடம் தெரியவில்லை.
யாரோ விளக்கை அணைக்க மறந்த இடத்தில் மட்டும்
பனி கொஞ்சம் மஞ்சளாக இருக்கிறது.